தமிழ் மீடியம் தங்கை கிளாட் எழுதுகிறாள்: ஆங்கிலச் சொல்வளத்தை எங்கிருந்து தொடங்குவது?

குடியாத்தம் தறிவீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை இந்த வருஷம் பிளஸ் டூ. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், வரலாறு குரூப். சட்டம் படிக்க வேண்டும் என்பது அவளாகவே எடுத்த முடிவு. டிசம்பரில் கிளாட் (தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வு), அப்புறம் க்யூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு), இரண்டையும் எழுதப் போகிறாள். நானும் அப்பாவும் தறியில் இருக்கிறோம். ஆங்கிலத்தில் வழிகாட்ட வீட்டில் ஆள் இல்லை.

தெரிந்தவர் ஒருவர் மூவாயிரம் கடினச் சொற்கள் என்று ஒரு பட்டியலை போனில் அனுப்பினார். ஒரு நாளைக்கு ஐம்பது என்று கணக்குப் போட்டு ராத்திரி வெகுநேரம் மனப்பாடம் செய்கிறாள். காலையில் கேட்டால் பாதி நினைவில் இல்லை. நினைவில் இருப்பதும் பழைய கேள்வித்தாளில் வரவில்லை என்கிறாள். இந்தப் பட்டியலை முடிப்பதுதான் வழியா, வேறு வழி இருக்கிறதா? வேலூர், ஆம்பூர் பக்கம் படித்து மேலே போனவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காட்பாடி மாணவி எழுதியது:

அண்ணா, நான் கிளாட் எழுதி இப்போது திருச்சியில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. முதலில் தேர்வு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

கிளாட் இளநிலைத் தேர்வில் 120 கேள்வி, 120 நிமிஷம். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு 0.25 கழிப்பார்கள். ஆங்கிலப் பகுதியில் 22 முதல் 26 கேள்வி. ஒவ்வொன்றும் சுமார் 450 சொல் கொண்ட பத்தியைப் படித்துவிட்டு விடை சொல்ல வேண்டியது. பத்தியின் மையக் கருத்து என்ன, எழுதியவர் எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார், இந்த இடத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இப்படிக் கேட்பார்கள். 'இந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் எது' என்று தனியாக ஒரு சொல்லை நிறுத்திக் கேட்பது 2020-இல் முறை மாறியதோடு போய்விட்டது. சட்டப் பகுதியும் நாட்டு நடப்பும் தர்க்கமும் அதே மாதிரி பத்திகள்தான். கணக்குப் பகுதிகூட ஒரு தகவல் பத்தியில்தான் தொடங்கும். தேர்வு முழுக்கவே வாசிப்பு.

க்யூட் கொஞ்சம் வேறு. ஆங்கில மொழித் தாளில் 50 கேள்வி, 60 நிமிஷம். சரிக்கு 5, தவறுக்கு 1 கழியும். அங்கே வாசிப்புப் பத்தியோடு ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், வாக்கியத்தை ஒழுங்குபடுத்துவது எல்லாம் உண்டு. ஆனால் க்யூட்டைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். வரலாறு, அரசியல் அறிவியல் தாள்களைத் தங்கை தமிழிலேயே எழுத முடியும். சேர நினைக்கும் பல்கலைக்கழகம் எந்தத் தாளைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. கிளாட் கிடைக்காவிட்டால் சட்டமே இல்லை என்று அவள் நினைத்துவிடக் கூடாது. வேலூரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை.

ஆம்பூர் டீச்சர் எழுதியது:

தம்பி, நான் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் எடுத்தவள். தமிழிலும் உருதுவிலும் பேசுகிற வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்குத்தான் அதிகமும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உங்கள் தங்கைக்கு மூளையில் குறை ஒன்றும் இல்லை. அந்தப் பட்டியலில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் தொடர்பே கிடையாது. பாவு போடாமல் ஊடு மட்டும் ஓட்டினால் துணி நிற்காது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விஷயம் தெரிந்தால்தான் சொல் அதில் பிடித்துக்கொள்ளும்.

அதனால் என் யோசனை இதுதான். அவளுக்கு ஏற்கெனவே தமிழில் நன்றாகத் தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் படிக்கச் சொல்லுங்கள். வேறு எதுவும் வாங்க வேண்டாம். நம் மாநிலப் பாடநூல்கள் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் ஒரே பாடங்களோடு வருகின்றன. பாடநூல் கழகத்து இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிளஸ் ஒன் வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல் மூன்றும் அவளுக்கு மனப்பாடமாக இருக்கும் அல்லவா? அதே பாடத்தின் ஆங்கில வடிவத்தை எடுத்து, தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் படிக்கட்டும். 'இறையாண்மை' என்று அவள் பரீட்சையில் எழுதியது அங்கே 'சாவரின்டி' என்று நிற்கும். 'கூட்டாட்சி', 'அடிப்படை உரிமை', 'குடியேற்ற ஆதிக்கம்' எல்லாம் அப்படியே எதிரே வரும். பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை, அவளுக்கே தெரியும். கிளாட் பத்திகளில் திரும்பத் திரும்ப வருவதும் இந்த வகைச் சொற்கள்தான்.

எவ்வளவு சொல் வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. வங்காளத்தில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953-இல், ஆங்கிலத்தில் எங்கும் வருகிற சுமார் 2,000 அடிப்படைச் சொற்களைத் தொகுத்தார். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு அதில் பெரும்பாலும் தெரிந்திருக்கும். அதற்கு மேலே, பல்கலைக்கழகப் பாடங்களில் எந்தத் துறையை எடுத்தாலும் வருகிற சொற்களை நியூசிலாந்தில் ஆவெரில் காக்ஸ்ஹெட் என்ற அம்மையார் 2000-இல் தொகுத்தார். மொத்தம் 570 சொற்குடும்பம்தான். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். கல்வி சார்ந்த எழுத்தில் பத்துக்கு ஒரு சொல் இந்த 570-க்குள் அடங்கிவிடும் என்பது அவர் கண்ட கணக்கு.

அதில் இருப்பவை பார்க்கப் பளபளப்பான சொற்கள் அல்ல. அஸ்யூம், டெரைவ், இம்ப்ளிசிட், அம்பிகியுவஸ், பயஸ், இன்ஹெரன்ட், கோஹெரன்ட், ரிலக்டன்ட், வேர்ஆஸ் (ஆனால் மறுபக்கம்), ஆல்பீட் (என்றாலும்), நாட்வித்ஸ்டாண்டிங் (இருந்தபோதிலும்). கடைசி மூன்றும் இணைப்புச் சொற்கள், வாக்கியம் எங்கே திரும்புகிறது என்று காட்டுபவை. அது தெரியாமல் படித்தால் எழுதியவர் மறுத்ததை அவர் ஏற்றதாக எடுத்துக்கொண்டு விடையைக் கோட்டைவிடுவாள். மூவாயிரம் பட்டியலில் இவை இருக்கவே இருக்காது, ஏனென்றால் இவை 'கடினமாக'த் தெரிவதில்லை.

ராணிப்பேட்டை பயிற்சி எழுதியது:

டீச்சர் சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். மீதிப் பாதிக்கு இல்லை.

பட்டியலே வேண்டாம் என்று சொல்வது ஏழைப் பிள்ளைக்கு நல்லது செய்யாது. நகரத்துப் பள்ளிப் பிள்ளை ஐந்து வயதிலிருந்து ஆங்கிலத்தில் கதை படித்து வந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வாசிப்பாலேயே சொல் சேர்ந்திருக்கும். இவளுக்கு டிசம்பர் வரை ஆறு மாசம். ஆறு மாச வாசிப்பில் ஒரு சொல்லை எத்தனை தடவை சந்திப்பாள்? எழுத்தில் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொல் புரிய வேண்டும் என்றால் எட்டாயிரம் ஒன்பதாயிரம் சொற்குடும்பம் தெரிய வேண்டும் என்று பால் நேஷன் 2006-இல் கணக்குச் சொல்லியிருக்கிறார். 570 போதாது. க்யூட்டில் நேரடியாக எதிர்ச்சொல் கேட்கிறார்கள், இந்தூர் ஐஐஎம் மேலாண்மைக் கல்லூரி ஐந்தாண்டுப் படிப்புக்கு நடத்தும் தேர்விலும் சொல்லறிவுக் கேள்வி உண்டு. அங்கே பட்டியல் படித்தவனுக்கு மார்க் வருகிறது. என்னிடம் படித்த பிள்ளைகளிடம் அதைப் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்வது: பட்டியலைச் சுருக்குங்கள், விடாதீர்கள். ஒரு நாளைக்கு ஐம்பது முட்டாள்தனம். பத்து வைத்துக்கொள்ளலாம். பத்தையும் ஒரே கருத்தைச் சுற்றி எடுக்க வேண்டும். பணத்தைச் செலவழிப்பது பற்றி ஒரு நாள்: ஃப்ரூகல், மைசர்லி, லாவிஷ், ப்ராடிகல், எக்ஸ்ட்ராவகன்ட். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு, ஊதாரித்தனம் வேறு என்று தமிழில் நமக்குத் தெரியும் இல்லையா? அந்த வரிசையில் எதை எங்கே வைப்பது என்று போட்டுப் பார்த்தால் எழுதியவர் அந்த ஆளைப் பாராட்டுகிறாரா குறை சொல்கிறாரா என்பதும் பிடிபடும். 'ஒருபொருட்சொல்' என்று சேர்த்துக் கொடுக்கிற பட்டியல்கள் இந்த வித்தியாசத்தை அழித்துவிடுகின்றன, அதுதான் என் குறை. ஃபேமஸும் நோட்டோரியஸும் ஒன்றா? ஒருவர் புகழ்பெற்றவர், இன்னொருவர் 'பேர் போன' ஆள்.

காட்பாடி மாணவி எழுதியது:

ராணிப்பேட்டை சார், க்யூட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் உலகம் முழுக்கவே தேர்வுகள் அரிய சொற்களை விட்டு விலகுகின்றன. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு ஒரு காலத்தில் அரிய சொற்களுக்கே பேர் வாங்கியது. 2016-இல் கோடிட்ட இடத்தில் அரிய சொல்லை நிரப்பும் கேள்வியை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு சின்னப் பத்தியைக் கொடுத்து அந்த இடத்துக்குப் பொருந்தும் சொல் எது என்று கேட்கிறார்கள். கிளாட்டும் அதே பாதை.

சத்துவாச்சாரி வக்கீல் எழுதியது:

தொழிலில் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த இழையில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். தமிழ் மீடியம் பிள்ளைகளைத் தேர்வில் விழவைப்பது தெரியாத சொல் அல்ல. தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்.

'லோன் சாங்ஷன் ஆச்சு' என்று குடியாத்தத்தில் எல்லோரும் சொல்வார்கள், அனுமதி என்ற பொருளில். செய்தித்தாளில் ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் விதித்தார்கள் என்று வந்தால் அது தண்டனை, தடை. சட்டத்திலும் அந்தப் பொருள் உண்டு. 'குவாலிஃபை' என்றால் தகுதி பெறுவது என்று தெரியும். எழுதியவர் தன் கூற்றை குவாலிஃபை செய்கிறார் என்றால், 'எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது' என்று ஒரு வரம்பு கட்டுகிறார். 'ஓவர்சைட்' மேற்பார்வையும் ஆகும், கவனக்குறைவால் விட்டுப்போனதும் ஆகும். 'செக்' என்றால் சரிபார்ப்பது மட்டுமா? அரசியல் சட்டத்தில் ஒரு அமைப்பு இன்னொன்றின் அதிகாரத்தைச் செக் செய்வது என்றால் கட்டுப்படுத்துவது. 'ஆக்யூட்' கணக்குப் புத்தகத்தில் குறுங்கோணம், ஆஸ்பத்திரிச் சீட்டில் திடீரென்று வந்த நோய், தலையங்கத்தில் கடும் தட்டுப்பாடு. எங்கள் கோர்ட்டில் மனுவை 'என்டர்டெயின்' செய்வது என்றால் விசாரணைக்கு ஏற்பது. மனுவின் கடைசியில் வரும் 'பிரேயர்' என்பது கோர்ட்டிடம் கேட்கும் நிவாரணம்.

இவற்றை எந்தக் கடினச்சொல் பட்டியலும் தராது. படிக்கும்போது ஒரு தெரிந்த சொல் வாக்கியத்தோடு ஒட்டாமல் நின்றால் அங்கே நிற்க வேண்டும். அகராதியில் முதல் பொருளோடு திருப்திப்படாமல் மூன்றாவது நான்காவது வரை போக வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை அவள் பிடித்துக்கொண்டால் போதும் என்பேன்.

எதைப் படிப்பது என்றால், சட்டம் படிக்க ஆசைப்படும் வேலூர்ப் பிள்ளைக்கு நான் முதலில் கையில் கொடுப்பது ஒரு தீர்ப்பு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம், உச்ச நீதிமன்றம், 28 ஆகஸ்ட் 1996, நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. நம் பாலாற்றையும் டேனரிக் கழிவுநீரையும் பற்றியது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. 'முன்னெச்சரிக்கைக் கொள்கை', 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற இரண்டு கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு. நாட்டில் எந்தச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தாலும் இதைப் படித்தே ஆக வேண்டும். ஊர்ப் பேரோடு இருக்கும் தீர்ப்பை அவள் இப்போதே படிக்கட்டும்.

முழுசாக வேண்டாம், பாதி இடங்களில் சட்டப் பிரிவுகளும் குழு அறிக்கைகளும்தான். கொள்கைகளை விளக்கும் பத்திகள் மட்டும் போதும். எஃப்ளுயன்ட் (கழிவுநீர்), டிக்ரடேஷன் (சீர்கேடு), ரெமிடியேஷன் (சீரமைப்பு), சஸ்டைனபிள் (நீடித்து நிற்கக்கூடிய), ஓனஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். தன் தொழில் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாதது என்று நிரூபிக்கும் 'ஓனஸ்', அதாவது பொறுப்பு, தொழில் நடத்துபவர் மேல்தான் என்கிறது தீர்ப்பு. கேடில்லாதது என்ற இடத்தில் அவர்கள் போட்டிருக்கும் சொல் 'பினைன்'. சிஎம்சி ஆஸ்பத்திரி பயாப்ஸி ரிப்போர்ட்டில் நம் வீடுகளில் எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் அதே சொல்.

மேல்விஷாரம் பாய் எழுதியது:

வக்கீல் சார் டேனரியைச் சொன்னதால் நானும் வருகிறேன். ஷூ கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். தீர்ப்பு பற்றி எங்கள் பக்கத்தில் வேலை போன வீடுகளின் பேச்சு வேறாக இருக்கும். பிள்ளை அதையும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். ஒரே விஷயத்தில் இரண்டு பக்கத்து வாதம் எப்படி ஓடுகிறது என்று கவனிப்பதும் கிளாட்டில் கேட்பதாகத்தானே மேலே எழுதியிருக்கிறார்கள்.

என் மகள் சொல் படித்த முறையைச் சொல்கிறேன். காலி ஷூ டப்பா ஒன்று, உள்ளே அட்டை வைத்து ஐந்து தடுப்பு. சின்னச் சின்ன அட்டையில் முன்பக்கம் அந்தச் சொல் வந்த வாக்கியம் முழுசும், சொல்லின் கீழ் கோடு. பின்பக்கம் பொருள். புது அட்டை முதல் தடுப்பில். அதைத் தினமும் பார்க்க வேண்டும். பின்பக்கம் திருப்பாமல் பொருளைச் சொல்லிவிட்டால் இரண்டாவது தடுப்புக்குப் போகும், அது இரண்டு நாளுக்கு ஒரு முறை. மூன்றாவது நான்கு நாளுக்கு, நான்காவது வாரத்துக்கு, ஐந்தாவது மாசத்துக்கு ஒரு முறை. எந்தத் தடுப்பில் தவறினாலும் அட்டை முதல் தடுப்புக்கே திரும்பிவிடும். செபஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் எழுதிய முறை இது என்று அவள் காலேஜில் சொன்னார்களாம். போனில் ஆங்கி என்ற செயலியும் இதையே செய்கிறது, இலவசமாக ஆண்ட்ராய்டில் கிடைக்கிறது. ஆனால் போனைக் கையில் எடுத்தால் பிள்ளை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. டப்பா நல்லது.

ஆம்பூர் டீச்சர் எழுதியது:

பாய், அருமை. முன்பக்கம் வாக்கியம் என்பதுதான் இதில் உயிர். வெறும் சொல்லும் பொருளுமாக எழுதினால் டப்பாவும் இன்னொரு பட்டியலாகிவிடும்.

தம்பிக்கு: ராத்திரி படித்தது காலையில் பாதி போய்விடுவது எல்லோருக்கும் நடப்பது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதிவிட்டார், மறப்பது முதல் சில மணி நேரத்தில்தான் மிக வேகம். மறப்பதற்குள் இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் பார்ப்பதற்காகத்தான் அந்தத் தடுப்புகள். தங்கையிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். தன் மேல் நம்பிக்கை போவதுதான் இந்த வயதில் பெரிய ஆபத்து.

ராணிப்பேட்டை சார் எட்டாயிரம் ஒன்பதாயிரம் என்று சொன்னதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அது எந்த உதவியும் இல்லாமல் நாவலும் செய்தித்தாளும் படிப்பதற்கான கணக்கு. தெரியாத சொல்லைப் பிரித்துப் பார்த்துப் பொருளை ஊகிக்கத் தெரிந்தால் பாதித் தூரம் குறையும். இதில் தமிழ் மீடியம் பிள்ளைக்கு ஒரு பலம் இருக்கிறது, அதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பகுபத உறுப்பிலக்கணம் அவள் பரீட்சைக்கு எழுதியவள். 'படித்தனர்' என்பதைப் பகுதி, சந்தி, இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்துக் காட்டத் தெரியும். ஆங்கிலத்தில் லத்தீனிலிருந்து வந்த சொற்களும் அப்படியே பிரியும். 'பெனி' நன்மை, 'மல்' தீமை. பெனவலன்ட், மலவலன்ட், பெனிஃபிட், மலிக்னன்ட், வக்கீல் சார் சொன்ன பினைன், எல்லாம் அந்த இரண்டு வேரின் பிள்ளைகள். 'லோக்வ்' பேச்சு: எலோக்வன்ட், லொக்வேஷியஸ், கலோக்வியல். 'க்ரெட்' நம்பிக்கை: க்ரெடிபிள், க்ரெடுலஸ், இன்க்ரெடுலஸ்.

புணர்ச்சிகூட இருக்கிறது. மரம் என்பதோடு 'கள்' சேர்ந்தால் மகரம் ஙகரமாகி மரங்கள் ஆகிறது. ஆங்கிலத்தில் 'இன்' என்ற எதிர்மறை முன்னொட்டு, லீகல் முன்னால் 'இல்' ஆகி இல்லீகல், மெச்சூர் முன்னால் 'இம்' ஆகி இம்மெச்சூர், ரெகுலர் முன்னால் 'இர்' ஆகி இர்ரெகுலர். பக்கத்தில் வரும் ஒலிக்கு ஏற்பத் திரிகிறது, அவ்வளவுதான். வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் வேறு கிரகத்து மொழி என்ற பயம் அங்கேயே குறையும்.

ஆனால் கண்மூடித்தனமாகப் பிரிக்கக் கூடாது. இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது அல்ல, எளிதில் தீப்பிடிப்பது. இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பில்லாதது அல்ல, விலைமதிப்பற்றது. அடல்ட்டும் அடல்ட்ரேட்டும் பார்க்க உறவுபோல இருக்கும், இரண்டுக்கும் வேர் வேறு. ஊகித்த பொருளை வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் அகராதி.

திருப்பத்தூர் நூலகம் எழுதியது:

அகராதி பற்றி ஒரு சொல். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆங்கிலம்-தமிழ் அகராதியைக் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். பொருள் தமிழில் தெளிய அது உதவும். சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே எளிய ஆங்கிலத்தில் விளக்கமும் மாதிரி வாக்கியமும் தரும் அகராதிகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அரசு நூலகங்களில் ஆங்கில நாளிதழ் போடுகிறார்கள். காலையில் தமிழ் நாளிதழில் ஒரு செய்தியைப் படித்துவிட்டு, அதே செய்தியை ஆங்கிலத்தில் படிக்கச் சொல்லுங்கள். தலையங்கம் அப்புறம் போகலாம்.

ராணிப்பேட்டை பயிற்சி எழுதியது:

டீச்சர், புணர்ச்சி உதாரணத்தை என் வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன். பட்டியல் பற்றி என் கருத்து மாறவில்லை, ஆனால் வரிசை பற்றி உங்களோடு வருகிறேன். நவம்பர் வரை பாடநூலும் செய்தியும் தீர்ப்பும் டப்பாவும். கிளாட் முடிந்து க்யூட்டுக்கு முன்னால் கிடைக்கும் மாசங்களில் எதிர்ச்சொல் பட்டியல். நடுவில் பிளஸ் டூ பொதுத்தேர்வு வரும், அதையும் கணக்கில் வையுங்கள். பழைய க்யூட் தாள்களில் வந்த சொற்களை மட்டும் தொகுத்தால் போதும், மூவாயிரம் வேண்டாம்.

குடியாத்தம் தறிவீடு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாடநூல் இறக்கிக் கொடுத்துவிட்டேன். அரசியல் அறிவியல் முதல் பாடத்தைத் தமிழ்ப் புத்தகத்தைப் பார்க்காமலே முக்கால்வாசி படித்துவிட்டாள். தீர்ப்பின் அந்தப் பத்தியையும் வக்கீல் சார் சொன்னபடி எடுத்தாள், ஒரு வாக்கியம் ஆறு வரி ஓடுகிறது, எங்கே மூச்சு விடுவது என்று கேட்கிறாள். அப்புறம் இன்னொரு கேள்வி, அவளே தட்டச்சு செய்கிறாள்:

அக்கா, நான்தான். பத்தி புரிகிறது, ஆனால் கேள்வியில் கேட்ட சொல் மட்டும் தெரியவில்லை என்றால் விட்டுவிட வேண்டுமா, ஏதாவது ஒன்றைக் குறிக்கலாமா? தவறானால் கழிப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.

சத்துவாச்சாரி வக்கீல் எழுதியது:

ஆறு வரி வாக்கியத்துக்கு முதலில் வினையைத் தேடம்மா. யார், என்ன செய்தார்கள் என்று இரண்டையும் அடிக்கோடு போடு. மற்றதெல்லாம் இவற்றை விளக்க வந்தவை. நீதிபதிகள் நீளமாக எழுதுவார்கள், ஆனால் எழுவாய் பயனிலை இல்லாமல் எழுத மாட்டார்கள்.

காட்பாடி மாணவி எழுதியது:

தங்கச்சி, விடாதே. முதலில் நாலு விடையையும் பார்க்காமல், அந்தச் சொல் இருக்கும் வாக்கியத்தில் சொல்லை மறைத்துவிட்டு, அங்கே உனக்குத் தெரிந்த எந்தச் சொல் பொருந்தும் என்று தமிழிலாவது யோசி. அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் வாக்கியத்தைப் பார். 'பட்', 'யெட்', 'ஆல்பீட்' மாதிரி ஏதாவது இருந்தால் பொருள் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. நடுவில் 'அண்ட்' இருந்தால் பெரும்பாலும் இரண்டு சொல்லும் ஒரே பக்கம். எழுதியவர் பாராட்டும் தொனியில் இருக்கிறாரா, குறை சொல்லும் தொனியிலா என்பது தெரிந்தாலே நாலில் இரண்டு விடை அடிபட்டுப் போகும்.

இரண்டு அடிபட்டால் மீதி இரண்டில் ஒன்றைத் தைரியமாகக் குறி. கணக்கு இப்படி: அப்படி நாலு கேள்வியில் குறித்தால் சராசரியாக இரண்டு சரி, இரண்டு தவறு. 2 கிடைக்கும், 0.50 கழியும், கையில் 1.50 நிற்கும். விட்டிருந்தால் பூஜ்யம். எதையுமே நீக்க முடியாத கேள்வியில் கிடைப்பது மிகச் சொற்பம், அதில் நேரத்தைப் போக்காமல் அடுத்ததுக்குப் போய்விடு. க்யூட்டில் சரிக்கு 5, தவறுக்கு 1 என்பதால் ஒரு விடையை நீக்க முடிந்தாலே குறித்துவிடலாம்.

உன் பத்தியில் புரியாத வாக்கியம் எதுவானாலும் இங்கேயே போடு. செமஸ்டர் முடியும் வரை ராத்திரியில்தான் வருவேன், ஆனால் பதில் போடுவேன்.